கண்ணில்லாத மீனும் நீரில்லாத ஆறும்

வேலூரைப் பற்றி வடாற்காட்டுப் பக்கத்தில் வேடிக்கையாக ஒரு ஜாபிதா சொல்வார்கள். மரமில்லாத மலை, நீரில்லாத ஆறு, அரசனில்லாத கோட்டை, சாமியில்லாத கோயில் என்று அது போகும். ஆளுக்கு ஆள் ஜாபிதா நீளும். சிலர் பெண்களைப் பற்றியும் ஓர் 'இல்லாத'தைச் சேர்ப்பதுண்டு. சேர்த்தவர் நிச்சயமாக ஓர் ஆண்பிள்ளையாகத்தான் இருப்பார். ஆகையால் அதை நான் இங்கே சொல்லப் போவதில்லை!

இந்த ஆவணியில் ஆம்பூருக்குப் போய் வந்த பிறகு, அந்த ஜாபிதாவில் என் பங்குக்கு ஒன்றைச் சேர்த்திருக்கிறேன். கண்ணில்லாத மீன்!

ஆம்பூரில் இருப்பவள் என் அத்தை, அப்பாவின் மூத்த சகோதரி. வயது எழுபத்தெட்டு. அவளுடைய பேரன் பதினோராம் வகுப்புப் படிக்கிறான். நான் புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்பு போன் செய்தான்.

"சித்தி, வரும்போது கொளத்தூர்லேர்ந்து ஆறு மீன் வாங்கிட்டு வரீங்களா? கண்ணே இல்லாத மீன். 'பிளைண்ட் கேவ்'னு கேட்டாக் குடுப்பாங்க."

நான் பதில் சொல்வதற்குள் அவன் அப்பா, அதாவது என் அத்தான், போனை வாங்கிக்கொண்டார். குரலைத் தணித்துப் பேசினார்.

"மீனுக்குப் பணம் நான் குடுத்துடறேன். ஆனா எனக்கும் நீ ஒரு காரியம் பண்ணணும். கொல்லைக் கிணத்தை மூடிட்டு அங்கே ஒரு ரூம் போடலாம்னா அம்மா ஒத்துக்க மாட்டேங்கறாங்க. நீ சொன்னாக் கேப்பாங்க."

ஆக, இரண்டு வேலைகளோடு கிளம்பினேன். மீன் கொண்டுபோக வேண்டும். கிணற்றை மூட வைக்க வேண்டும். முதல் வேலைதான் கஷ்டமாக இருக்கும் என்று நினைத்தேன்.

* * *

சென்னையில் கொளத்தூர் என்றால் வண்ண மீன்கள். தெருவுக்குத் தெரு கண்ணாடித் தொட்டிகள். வீட்டுக்கு வீடு சிமெண்டுத் தொட்டிகள். நான் கேட்டதும் கடைக்காரர் ஒரு மூலைத் தொட்டியிலிருந்து ஆறு மீன்களை வலையில் அள்ளினார். ஒவ்வொன்றும் என் சுண்டுவிரல் நீளம். உடல், ரோஜா நிறமும் வெள்ளியும் கலந்து குழைத்தது போல் இருந்தது. முகத்தைப் பார்த்தேன். கண் இருக்க வேண்டிய இடத்தில் வழவழவென்று தோல் மூடியிருந்தது. அடிபட்ட வடு மாதிரி இல்லை. அங்கே ஏதோ இருந்திருக்க வேண்டும் என்ற ஞாபகமே இல்லாத முகம்!

பிளாஸ்டிக் பையில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், மீதி இடத்தில் பிராணவாயு. வாயை இறுக்கிக் கட்டி, தெர்மோகோல் பெட்டிக்குள் வைத்துக் கொடுத்தார். முதல் நாளே இரை போடாமல் நிறுத்திவிட்டாராம். வெறும் வயிற்றோடு பிரயாணம் செய்தால் பையில் தண்ணீர் கெடாது என்றார். மனிதர்களுக்கும் இது நல்ல யோசனைதான். ஆனால் அரக்கோணம் வருவதற்குள் நான் இரண்டு இட்லிப் பொட்டலங்களைப் பிரித்துவிட்டேன்.

ரயிலில் எதிரே ஒரு மூதாட்டி. காட்பாடியில் இறங்கி வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போகிறவள். பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்து, "உள்ளே என்னம்மா?" என்றாள். சொன்னேன்.

"கண்ணு தெரியாத மீனா? ஐயோ பாவம். ஆஸ்பத்திரிக்கா கொண்டுபோறே?"

பெட்டியே சிரித்தது. அவளும் சேர்ந்து சிரித்தாள்.

தென்னிந்தியாவில் முதல் பயணிகள் ரயில் ஓடியது இதே தடத்தில்தான். 1856-ல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை அது ஓடியது. வாலாஜா, ராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி ஆகிய ஊர்களைச் சேர்த்துத்தான் தோல் சீமை என்கிறார்கள். 2019-ல் பழைய வேலூர் ஜில்லாவை மூன்றாகப் பிரித்தபோது ஆம்பூர் திருப்பத்தூர் ஜில்லாவுக்குப் போய்விட்டது. ஆனால் ஊரின் பெயரைச் சொன்னதும் மனசில் வருகிற இரண்டு விஷயங்கள் மாறவில்லை. ஒன்று, சீரகச் சம்பா அரிசியில் செய்கிற பிரியாணி. மற்றொன்று தோல்.

* * *

வாசலிலேயே பேரன் நின்றிருந்தான். என்னை வரவேற்கத்தான் என்று சந்தோஷப்பட்டேன். அவன் பெட்டியை வாங்கிக்கொண்டு உள்ளே ஓடிவிட்டான்!

"வாம்மா. இந்தப் பிள்ளைக்கு மீனு வந்தாப் போதும். மனுஷங்க வந்தா இன்னா, வராட்டி இன்னா?" என்று அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

நடு அறையில், வெயில் படாத சுவரோரம் தொட்டி. மூன்றடி நீளம், ஒன்றேகால் அடி அகலம், ஒன்றேகால் அடி உயரம். சுமார் 130 லிட்டர் பிடிக்குமாம். அடியில் மெல்லிய மணல். கூர் இல்லாத கூழாங்கற்கள். செடியில்லை, விளக்கில்லை. விளக்கு அவற்றுக்கு எதற்கு?

பையை அப்படியே அவிழ்த்துக் கொட்டிவிடுவான் என்று எதிர்பார்த்தேன். அவன் பையைக் கட்டோடு தொட்டியில் மிதக்கவிட்டான். கால் மணி கழித்துக் கட்டை அவிழ்த்து, தொட்டித் தண்ணீரை ஒரு டம்ளர் பைக்குள் ஊற்றினான். பத்து நிமிஷம் கழித்து இன்னொரு டம்ளர். புது மருமகளைப் புகுந்த வீட்டுக்குப் பழக்குவது போல் இருந்தது. கடைசியில் வலையால் ஒவ்வொன்றாக எடுத்துத் தொட்டியில் விட்டான்.

ஆறும் ஒரு க்ஷணம்கூட நிற்கவில்லை. கண்ணாடிச் சுவரை ஒட்டி வேகமாக ஒரு சுற்று, மறு சுற்று. எதிலும் மோதவில்லை. கல்லுக்கு அரை விரற்கடை முன்னாலேயே திரும்பின.

"எப்படிடா?" என்றேன்.

"உடம்பு முழுக்கக் காதுன்னு வெச்சுக்கோங்க, சித்தி" என்றான்.

எல்லா மீன்களுக்கும் விலாப்பக்கத்தில் வரிசையாக நுண்ணிய உணர்வு உறுப்புகள் உண்டு. தண்ணீரில் ஏற்படும் மிகச் சிறிய அசைவையும் அவை உணரும். இந்த மீனுக்கு அந்த உறுப்புகள் தலையெங்கும் பெரிதாகவும் அதிகமாகவும் இருக்கின்றன. நீந்தும்போது தன்னைச் சுற்றி எழுகிற நீரலை, கல்லிலோ சுவரிலோ பட்டு மாறுவதை அது தோலாலேயே அறிந்துகொள்கிறது. புது இடத்தில் வேகமாகச் சுற்றி இடத்தை மனப்பாடம் செய்யும், பழகியதும் நிதானமாகும். நான் அங்கிருந்த மூன்றாம் நாள் அவன் ஒரு கல்லை இடம் மாற்றி வைத்தான். உடனே ஆறும் பழையபடி பரபரவென்று சுற்ற ஆரம்பித்தன. வீட்டில் பீரோவை நகர்த்தி வைத்தால் நம் பெரியவர்கள் படுகிற அவஸ்தை ஞாபகம் வந்தது.

இவற்றின் பூர்வீகம் மெக்ஸிகோ தேசம். அங்கே சான் லூயிஸ் பொட்டோசி மாகாணத்தில் குவேவா சிகா என்ற குகை இருக்கிறது. அந்தக் குகைத் தண்ணீரிலிருந்து 1936-ல் பிடிபட்ட மீனை ஹப்ஸ், இன்னஸ் என்ற இருவர் விஞ்ஞான உலகத்துக்கு அறிமுகப்படுத்தினார்கள். அமெரிக்காவில் டல்லாஸ் நகரத்து மீன் வியாபாரி ஜோர்டான் என்பவர் அதைப் பெருக்கி விற்றார். அவர் பெயரையே மீனுக்கு வைத்தார்கள். இன்று கடைகளில் கிடைப்பவை குகையில் பிடித்தவை அல்ல. பண்ணைகளில் தலைமுறை தலைமுறையாக வளர்த்தவை.

இவை கண்ணில்லாமலே முளைப்பதில்லை என்பதுதான் விசேஷம். முட்டைக்குள் குஞ்சுக்குக் கண் உருவாகத் தொடங்குகிறது. பிறகு அதன் வில்லை அழிந்து, கண் சுருங்கி, மேலே தோல் மூடிக்கொள்கிறது. கண்ணும், கண்ணுக்காக உழைக்கும் மூளைப் பகுதியும் ஏராளமான சத்தைச் செலவழிப்பவை. வெளிச்சமே இல்லாத இடத்தில், இரை அபூர்வமான இடத்தில், அந்தச் செலவு தண்டம் அல்லவா? குடித்தனம் நடத்துகிறவர்களுக்கு இது சுலபமாகப் புரியும்.

இன்னொரு ஆச்சரியம். மெக்ஸிகோவில் இப்படிப்பட்ட குகைகள் சுமார் 30 இருக்கின்றன. வெவ்வேறு குகைகளைச் சேர்ந்த குருட்டு மீன்களை ஜோடி சேர்த்தபோது, குஞ்சுகளில் சிலவற்றுக்குப் பார்வை இருந்ததாக 2008-ல் கண்டுபிடித்தார்கள். ஒரு குகை மீன் இழந்த கூறு வேறு, மற்றொரு குகை மீன் இழந்த கூறு வேறு. ஒன்றின் குறையை மற்றொன்று ஈடு செய்துவிடுகிறது. அத்தையிடம் இதைச் சொன்னபோது, "திருதராஷ்டிரனுக்கு நூறு பிள்ளை பொறந்துதே, எல்லாத்துக்கும் கண்ணு இருந்துதே! இது இன்னா அதிசயம்?" என்று கேட்டுவிட்டாள்.

வளர்ப்பது கடினமில்லை. 20 முதல் 25 டிகிரி வரை உள்ள தண்ணீர் உகந்தது. ஆம்பூரின் கத்திரி வெயிலில் அது நடக்கிற காரியமா? ஆகவே வீட்டின் குளிர்ச்சியான அறையில் தொட்டி. சித்திரை, வைகாசியில் நீர்ப்பரப்பின் மேல் ஒரு சின்ன மின்விசிறி. எந்த இரையையும் தின்னும். ஆனால் 'போதும்' என்று சொல்லத் தெரியாத விருந்தாளி. பசி அடங்காத சுபாவம் பிறவியிலேயே வந்தது. நாம்தான் அளவறிந்து போட வேண்டும். நீண்ட வாலும் செட்டையும் உள்ள மீன்களோடு சேர்த்துவிடக் கூடாது, கடித்துக் குதறிவிடும். வாரத்துக்கு ஒரு முறை கால் பங்கு தண்ணீரை மாற்ற வேண்டும். அதாவது இரண்டு குடத்துக்கு மேல்.

"அந்த ரெண்டு குடம்தான்மா எங்க வீட்டுல பெரிய கதை" என்றாள் அத்தை.

* * *

கதை இதுதான். போன வருஷம் பேரன் தன் சேமிப்பில் இதே ஜாதி மீன் ஆறு வாங்கி வந்தான். கொல்லைக் கிணற்றிலிருந்து தண்ணீர் இறைத்துத் தொட்டியை நிரப்பி, அன்றைக்கே மீனை விட்டான். மூன்றே நாளில் ஆறும் மேலே மிதந்தன.

தப்பு இரண்டு. புதுத் தொட்டியில் உடனே மீனை விடக் கூடாது. மீனின் கழிவிலிருந்து வரும் அம்மோனியா விஷம். அதை மாற்றிக் கெடுதல் குறைந்ததாக்கும் நுண்ணுயிர்கள் தொட்டியில் குடியேறச் சில வாரங்கள் ஆகும். இது அவன் செய்த தப்பு. மற்றொன்று தண்ணீரின் தப்பு. பேனா மாதிரி ஒரு கருவி இருக்கிறது. தண்ணீரில் நனைத்தால் அதில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவைக் காட்டும். குடிநீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை நல்லது. வேறு வழியில்லாவிட்டால் 2,000 வரை போகலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். கிணற்றில் நனைத்தபோது அது 2,000-ஐத் தாண்டி நின்றதாம்.

அத்தை அன்று ராத்திரி சாப்பிடவில்லையாம்.

"அறுவது வருஷத்துக்கு முந்தி இந்த வீட்டுக்கு வந்தேன். அந்தக் கெணத்துத் தண்ணியில பருப்பு போட்டா மலர வேகும். உன் மாமா ரெண்டு கெண்டை விட்டு வெச்சிருந்தாரு. காலையில குனிஞ்சு பாத்தா வாலை ஆட்டும். அப்புறம் ஒரு நாள் பருப்பு வேகலை. சோப்பு நுரைக்கலை. காபிக்குப் பால் திரிஞ்சுது. கெண்டை ரெண்டும் போச்சு. சரி, வயசாயிடுச்சு போலன்னு நெனைச்சேன். கண்ணு இருந்து இன்னா பிரயோசனம்? கெணத்துக்குள்ளே இன்னா ஆவுதுன்னு எனக்குத் தெரியலியே. இந்தப் பிள்ளையோட மீனுங்க செத்தப்பதான், நம்ம கெணத்துத் தண்ணியா கொன்னுச்சுன்னு வயித்தைக் கலக்கிச்சு."

என்ன ஆயிற்று அந்தத் தண்ணீருக்கு?

அந்தக் காலத்தில் இங்கே ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டு வாரக்கணக்கில் தோலை ஊற வைத்துப் பதனிட்டார்கள். பிறகு குரோமிய உப்பு வந்தது; வேலை சீக்கிரம் முடிந்தது. 1970-களில் பாதி பதனிட்ட தோலின் ஏற்றுமதிக்கு அரசாங்கம் கட்டுப்பாடு விதித்து, முழுதும் பதனிட்ட தோலையும் காலணிகளையும் ஊக்குவித்தது. தொழில் பெருகியது. பச்சைத் தோல் அழுகாமலிருக்க உப்புப் போட்டுத்தான் வரும். முதல் வேலை அந்த உப்பைக் கழுவுவது. அந்த உப்பும் குரோமியமும் கலந்த கழிவு ஆண்டாண்டாக நிலத்திலும் பாலாற்றிலும் இறங்கியது.

வேலூர் குடிமக்கள் நல மன்றம் இதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போயிற்று. நீதிபதி குல்தீப் சிங் அடங்கிய அமர்வு 1996 ஆகஸ்டு 28-ல் தீர்ப்பளித்தது. இந்தத் தோல் பகுதியில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விவசாய நிலம் முழுதாகவோ பகுதியாகவோ பயிருக்கு உதவாமல் போனதாக வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆராய்ச்சி நிலையம் கணக்கிட்டதை அந்தத் தீர்ப்பு சொல்கிறது. ஒரு கிலோ தோலுக்குச் சுமார் 35 லிட்டர் தண்ணீர் ஆகிறது என்றும் சொல்கிறது. பேரனின் தொட்டித் தண்ணீர் முழுவதும் நாலு கிலோ தோலுக்குக்கூடக் காணாது! கெடுத்தவரே செலவை ஏற்க வேண்டும், கேடு வருமுன் காக்க வேண்டும் என்ற இரண்டு கொள்கைகளையும் நாட்டின் சட்டத்தோடு சேர்த்தது அந்தத் தீர்ப்புத்தான். ஐந்து ஜில்லாக்களின் தோல் தொழிற்சாலைகளுக்குத் தலைக்கு 10,000 ரூபாய் அபராதமும் விதித்தது. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன. ஆனால் நிலத்தடிக்குப் போனது திரும்பி வரவில்லை. 2025 ஜனவரி 30-லும் உச்ச நீதிமன்றம் பாலாற்றைப் பற்றித் தீர்ப்பளிக்க வேண்டியிருந்தது. பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு நஷ்டஈடு கொடுக்கவும், ஓய்வு பெற்ற நீதிபதி தலைமையில் குழு அமைக்கவும் உத்தரவிட்டது.

இதைக் கேட்டுவிட்டு, 'தொழிற்சாலையை எல்லாம் இழுத்து மூட வேண்டியதுதானே?' என்று சொல்லிவிடுவது சுலபம். அத்தையின் மருமகள் காலை ஏழரை மணிக்குச் சாப்பாட்டு டப்பாவுடன் கம்பெனி பஸ்ஸுக்கு ஓடுவதை நான் பார்த்தேன். பூட்ஸின் மேல்பாகத்தைத் தைக்கும் வேலை. அந்த பஸ் நிறையப் பெண்கள்தான். "நான் தைக்கிற பூட்ஸு சீமைக்குப் போவுது, அண்ணி. இவன் படிக்கிறது, இந்த வீட்டுக் கடன் அடைஞ்சது எல்லாம் அதுலேதான்" என்றாள். அவளை மறந்துவிட்டுப் பேசுவதும் ஒரு விதக் குருட்டுத்தனம்தான்.

சாயங்காலம் பாலாற்றைப் பார்க்கப் போனோம். நந்தி மலையில் பிறந்து கடலுக்குப் போகும் ஆறு. எங்கும் மணல், மேடும் பள்ளமுமாக; ஓரத்தில் கருவேலம் புதர். 2021 நவம்பரில் இதே ஆறு இரு கரையும் புரண்டு ஓடியபோது, ஊரே வந்து வேடிக்கை பார்த்ததாம். "தண்ணி வந்தப்போ அதைப் புடிச்சு வெக்க நம்மகிட்ட ஒரு குடம்கூட இல்லை" என்றார் அத்தான்.

அவரே சொன்ன அந்த வார்த்தைதான் அன்று ராத்திரி அவருக்கு எதிராகத் திரும்பியது!

* * *

சாப்பாட்டுக்குப் பின் மெதுவாகப் பேச்சை எடுத்தேன். "அத்தை, அந்தக் கிணறு..."

"தெரியும்மா. உங்க அத்தான் சொல்லி அனுப்பிச்சிருப்பான்" என்று சிரித்தாள் அத்தை.

பேரன்தான் குறுக்கே வந்தான். "சித்தி, கேரளாவுல கிணத்துக்குள்ளேயே கண்ணில்லாத மீன் இருக்குது தெரியுமா?"

எனக்குத் தெரியாது. அவன் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். கோட்டயத்துக் கிணறுகளில் கிடைத்த ஒரு குட்டிக் குருட்டுக் கெளுத்தியை 1950-ல் ஏ.ஜி.கே. மேனன் என்ற விஞ்ஞானி விவரித்தார். தோலுக்குள்ளே ரத்தம் தெரியும், உடம்பே செவ்வண்ணம். செம்பாறைக்கு அடியில் ஊறும் தண்ணீரில் வசிப்பது; எப்போதாவது கிணற்றில் வந்து விழும். 2022-ல் செங்கன்னூரில் கிடைத்த மண்புழு போன்ற ஒரு செம்மீனுக்குப் பாதாளத்தின் பெயரையே வைத்தார்கள். 2023-ல் இன்னொரு குருட்டுக் கெளுத்திக்கு 'மக்கள்' என்று பொருள்படும் பெயர். ஏன் தெரியுமா? கிணறு இறைக்கும்போதும் தொட்டி கழுவும்போதும் வாளியில் வந்த மீனைக் கொட்டிவிடாமல் எடுத்துக்கொடுத்து உதவியவர்கள் சாதாரண ஜனங்கள்! அவை அபூர்வ ஜீவன்கள், தொட்டியில் வளர்ப்பதற்கல்ல. அந்த மண்ணடி நீர் கெட்டுப்போனால் அவற்றுக்குப் போக்கிடம் கிடையாது.

"நம்ம கிணறும் அடியிலே ஓடற தண்ணியைப் பாக்கற ஜன்னல்தானே, சித்தி? அதை மூடிட்டா அப்புறம் தண்ணி நல்லாச்சா, கெட்டுச்சான்னு எப்படித் தெரியும்?"

அத்தான் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அப்போது இடி இடித்தது. பளீரென்று ஒரு மின்னல். உடனே விளக்குகள் அணைந்தன.

ஆவணி மழை, வடாற்காட்டில் சாயங்காலத்துக்கு மேல் எப்படி வரும் என்று அறிந்தவர்களுக்குத் தெரியும். கூரை பிய்ந்துவிடும் போல் கொட்டியது. அத்தான் டார்ச் தேடிப் போய் ஸ்டூலில் முட்டிக்கொண்டார். நான் கட்டிலில் இடித்துக்கொண்டேன். பேரன் மட்டும் பதறாமல், தொட்டியில் காற்றுக் குமிழி விடும் கருவிக்குப் பதிலாக பாட்டரியில் ஓடும் ஒன்றைப் பொருத்தினான். மின்சாரம் போனால் மீனுக்கு மூச்சு முட்டும் அல்லவா?

டார்ச் வெளிச்சம் தொட்டியின் மேல் பட்டது. ஆறு மீன்களும் முன்போலவே வளைய வந்துகொண்டிருந்தன. அவற்றுக்கு எதுவுமே நடக்கவில்லை.

"அத்தை எங்கே?" என்றேன்.

அத்தை அந்த இருட்டில் எதிலும் இடித்துக்கொள்ளாமல், அறுபது வருஷம் நடந்த வழியில் நடந்து, கொல்லைத் தாழ்வாரத்தில் போய் நின்றிருந்தாள். நாங்களும் தடவித் தடவிப் போய்ச் சேர்ந்தோம். ஒன்றும் தெரியவில்லை, கேட்டது. மொட்டை மாடியிலிருந்து இறங்கும் குழாய் வழியாக மழைத் தண்ணீர் கிணற்றுக்குள் தடதடவென்று விழும் சப்தம். தமிழ்நாட்டில் வீட்டுக்கு வீடு மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்று 2003-ல் சட்டம் வந்தபோது மாமா பொருத்திய குழாய். நடுவில் உடைந்து கிடந்ததாம். மீன்கள் செத்த பிறகு பேரன்தான் மணலும் ஜல்லியும் போட்ட வடிகட்டியோடு அதைச் சரிசெய்திருந்தான்.

"கேளு, எப்படி விழுது!" என்றாள் அத்தை.

அத்தான் வெகு நேரம் பேசவில்லை. பிறகு, "குடம் இல்லேன்னு நான்தான் சொன்னேன். இவ்வளவு பெரிய குடம் வீட்டுலேயே இருக்கு" என்றார்.

மறுநாள் காலையில் பேரன் கிணற்றில் வாளியைப் போட்டு, அந்தப் பேனாக் கருவியை நனைத்தான். போன வருஷம் கண்ட எண்ணில் ஏறக்குறையப் பாதி. ஆனால் இது மேலே நிற்கும் மழைத் தண்ணீர். மேலும், கருவி உப்பைத்தான் காட்டும், குரோமியத்தைக் காட்டாது. ஆகையால் குடிப்பதற்குக் காவிரிக் குழாய்த் தண்ணீரும் கேன் தண்ணீரும்தான். மீன் தொட்டிக்கும் குழாய்த் தண்ணீரை ஒரு நாள் திறந்து வைத்து, குளோரின் போன பிறகுதான் ஊற்றுகிறான். கிணற்றுத் தண்ணீர் இப்போதைக்குக் கழுவ, மெழுக. வருஷத்துக்கு ஒரு முறை பரிசோதனைச் சாலைக்கு அனுப்பிப் பார்ப்பதாகத் தீர்மானம். ரூமை மாடியில் போட்டுக்கொள்வதாக அத்தான் சொன்னார்.

நான் போன இரண்டாவது வேலை அப்படிப் பூரண தோல்வியில் முடிந்தது!

* * *

திரும்பும் வழியில் வேலூரில் இறங்கிக் கோட்டைக்குப் போனேன். அகழியில் தண்ணீர் ததும்பியது. உள்ளே ஜலகண்டேசுவரர் சந்நிதியில் நல்ல கூட்டம்.

'சாமியில்லாத கோயில்' என்று ஜாபிதாவில் சொன்னேனே, அது இந்தக் கோயில்தான். எத்தனையோ தலைமுறை வெறும் கல் மண்டபமாக நின்றது. 1981-ல் ஊரார் சேர்ந்து, சத்துவாச்சாரியில் இருந்த லிங்கத்தைக் கொண்டுவந்து பிரதிஷ்டை செய்தார்கள். ஜாபிதாவை இன்னும் பழையபடி சொல்கிறவர்கள் உண்டு. ஆனால் அதில் ஒரு வரியை அடித்துவிட்டார்கள் என்பது நிஜம். மனிதர்கள் நினைத்தால் ஓர் 'இல்லாத'தை அடிக்க முடிகிறது.

வீட்டுக்கு வந்ததும் ஆம்பூருக்குப் போன் செய்தேன். அத்தைதான் எடுத்தாள்.

"மீனுங்க சௌக்கியமா, அத்தை?"

"சௌக்கியம். இன்னிக்கி அந்தத் தண்ணியில ஒரு பிடி பருப்பு வேக வெச்சுப் பார்த்தேம்மா. திங்கறதுக்கு இல்லே, சும்மா பாக்கத்தான்."

"வெந்துதா?"

"முழுசா வேகலை" என்றாள் அத்தை. "ஆனா மின்னே மாதிரி கல்லாவும் இல்லே."